நண்பர் ஓட்டிய விமானம், என் குரல் பதிந்த வீடியோ

கனடாவில் ரொறன்ரோவுக்கு அருகே, மார்க்கம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய கணவரும் இந்தக் கதையில் வரும் விமானியும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கனடா வந்தபிறகு நண்பர் தனியார் விமானி உரிமம் எடுத்து, வேறு இருவரோடு பங்கு போட்டு, நான்கு இருக்கை செஸ்னா 172 ஒன்றை வாங்கினார். கடந்த பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறைந்துபோன சிம்கோ ஏரியை மேலிருந்து காட்டுகிறேன் என்று இருவரையும் கூட்டிப்போனார். பெற்றோலுக்கு என்று கணவர் 120 டொலர் கொடுத்தார். கிளம்பும்போது நல்ல வெயில். ஏரிக்குப் போனால் மேகம் தாழ்ந்து கிடக்கிறது. ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களின் குடில்கள் கீழே தெரிந்தன. பின்னிருக்கையில் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்த இவர், “அண்ணா, இன்னும் கொஞ்சம் கீழ போங்கோ” என்றார். அண்ணாவும் இறங்கினார். வடமேற்கிலிருந்து பனி கொட்டிக்கொண்டு வந்து சூழ்ந்தது. திரும்பிவிடலாம் என்று விமானத்தைச் சரித்தபோது இடது இறக்கை ஐஸில் தட்டியது. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஸ்னோமொபீலில் ஓடிவந்து மூவரையும் வெளியே இழுத்தார்கள்.

கணவருக்கு முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கி அறுவைச் சிகிச்சை. இவருக்கு மணிக்கட்டு முறிவு. நண்பருக்கு முகத்தில் தையல். வீடு திருத்தும் வேலை செய்த கணவர் ஏழு மாதமாகச் சுத்தியலைத் தொடவில்லை, வீட்டுக் கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. நண்பரின் மனைவி இன்றும் கிழமைக்கு இரண்டு நாள் சமைத்துக் கொண்டுவருகிறார். விபத்து நடந்த அன்றே நண்பர், “எஞ்சின் நின்றுவிட்டது என்றே எல்லாரிடமும் சொல்லுவோம்” என்று கேட்டிருக்கிறார். வைத்தியசாலைக்கு வந்த விசாரணையாளரிடம் இவரும், “எஞ்சின் நின்றமாதிரி இருந்தது” என்று சொல்லிவிட்டார். இப்போது காப்புறுதிக் கம்பனியின் ஆள் ஒருவர் தொலைபேசியில், 15,000 டொலர் தருகிறோம், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்.

இவருடைய கேள்விகள்: வீடியோவை அழித்துவிடலாமா? நான் கேட்டுத்தானே இறங்கினார், அப்படியானால் குற்றம் என்னுடையதா? வழக்குப் போட்டால் நண்பர் சிறைக்குப் போவாரா, வீட்டை இழப்பாரா? விசாரணை அறிக்கை வரும்வரை காத்திருப்பதுதானே முறை? கடிதத்தின் கடைசி வரியில் ஒன்பது வயது மகனின் கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி, நான் காயவழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. சின்ன விமானம் ஓட்டும் உரிமமும் இருபது வருடமாக வைத்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் வாசித்தேன். கீழே சொல்வது ஒன்ராறியோ சட்டத்தை வைத்துப் பொதுவாகச் சொல்வது. உங்கள் கோப்பைக் கையில் வைத்துப் பார்க்கும் ஒரு சட்டத்தரணி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

வீடியோவைத் தொடாதீர்கள்

அவசரமானது இதுதான். அழிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், “தேவையான பகுதியை மட்டும்” வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த ஃபோனை மாற்றுவதாக இருந்தால் பழையதைத் துடைக்காமல் அலுமாரியில் வையுங்கள். விசாரணையும் வழக்கும் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே சாட்சியத்தை அழித்தால், அதில் உங்களுக்குப் பாதகமான ஏதோ இருந்தது என்று நீதிபதி ஊகிக்க இடமுண்டு. நிலைமை மோசமானால் நீதியின் போக்கைத் தடுத்ததாகக் குற்றவியல் சட்டத்திலேயே மாட்டுவீர்கள். அப்புறம், இன்னொரு விஷயம். அந்த வாரமே அதைப் பிரான்சில் இருக்கும் அக்காவுக்கும் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஃபோனில் அழித்து என்ன பயன்? பாரிஸில், நம்மவர்கள் கூடும் லாச்சப்பலில் நாலு பேரிடம் இருக்கும்.

குற்றம் உங்களுடையதா என்று கேட்கிறீர்கள். ஏழு மாதமாக நீங்கள் தூங்காததற்குக் காரணம் இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். கனடிய விமானப் போக்குவரத்து விதிகளில் ‘பொறுப்பு விமானி’ என்று ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. பறக்கும் நேரம் முழுவதும் விமானத்தை இயக்குவதும் அதன் பாதுகாப்பும் அவருடைய அதிகாரம், அவருடைய பொறுப்பு. பயணி ஆயிரம் கேட்பார். எனக்கும் கேட்டிருக்கிறார்கள், நயாகராவில் ஒரு மாமி நீர்வீழ்ச்சிக்குள் இறங்கச் சொல்லாத குறைதான். முடியாது என்று சொல்லத் தெரியவேண்டும் என்பதும் அந்த உரிமத்துக்குள் வருகிறது. உங்களுக்கு மேகத்தின் உயரம் தெரியாது, விதி தெரியாது, பனி எவ்வளவு வேகத்தில் வரும் என்றும் தெரியாது. அவருக்கு எல்லாம் தெரியும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வீடியோவில் இருக்கும் “கீழ போங்கோ” என்ற உங்கள் வரியை எடுத்து, உங்களுக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று வாதாடிப் பார்க்கலாம். பார்ப்பார். அது பெரிதாக எடுபடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வாதம் வரக்கூடும் என்பதால், உங்களுக்கும் கணவருக்கும் ஒரே சட்டத்தரணி சரிவருமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அந்த வரியை அவரிடம் மறைக்காதீர்கள். நீதிமன்றத்தில் முதல்முறையாக அதைக் கேட்டு அவர் முழிக்கக்கூடாது.

எஞ்சின் கதை

இனி நண்பர் சொல்லச் சொன்ன கதைக்கு வருவோம். அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. முகத்தில் இரத்தம் வடிய, பள்ளித் தோழன் நடக்கமுடியாமல் ஐஸில் கிடக்க, பயத்தில் வாயில் வந்த பேச்சு அது. இருந்தாலும் அந்தக் கதை நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

எஞ்சின் சக்தியோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது தரையில் மோதிய சுழலிக்கும் (விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறி), நின்றுபோய் மோதிய சுழலிக்கும் தகடு வளையும் விதமே வேறு. பழகியவர் கண்ணுக்கு அது தெரியும். உங்கள் வீடியோவில் எஞ்சின் சத்தம் இருக்கிறது. கனடா போக்குவரத்துப் பாதுகாப்புச் சபைக்கு, அதாவது வைத்தியசாலைக்கு ஆள் அனுப்பிய ரி.எஸ்.பி.க்கு, ஒட்டாவாவில் சொந்த ஆய்வுகூடம் உண்டு. சத்தத்தின் அலைவரிசையை வைத்தே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் பார்க்கலாம். விமானி மடியில் வைத்திருந்த ஐபேட்டில் பாதையும் உயரமும் பதிவாகியிருக்கும். குளிர்காலத்தில் எஞ்சின் தடுமாறுவது நடக்காததல்ல. காற்றில் ஈரம் இருந்தால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றருக்குள் ஐஸ் கட்டும், அதுவும் சக்தியைக் குறைத்து இறங்கும்போது. அப்படி ஏதும் நடந்திருந்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் ஒன்றுமில்லை. திரும்பும்போது எஞ்சின் “உறுமியது” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்ன நடந்திருக்கும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன், இது தீர்ப்பு இல்லை. பனி மூடிய ஏரி வெள்ளை. மேகம் வெள்ளை. சூரியன் மறைந்தால் நிழல் கிடையாது, நிழல் இல்லாவிட்டால் கீழே இருப்பது 50 அடியிலா 500 அடியிலா என்று கண்ணால் சொல்ல முடியாது. அடிவானக் கோடும் கரைந்துபோகும். குடில்கள் கண்ணில் படும்வரை ஒரு அளவுகோல் இருக்கும், அவற்றைத் தாண்டியதும் அதுவும் போய்விடும். உயரமானியைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அது காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். சிம்கோ ஏரியின் மேற்பரப்பே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 720 அடி மேலே கிடக்கிறது. ஊசி 1,000 அடியில் நின்றால் ஐஸுக்கும் சக்கரத்துக்கும் இடையில் 280 அடிதான். கடுங்குளிரில் அந்த ஊசி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டியும் காட்டும். இந்த நிலைமையில் அவசரமாகத் திரும்ப நினைத்து விமானத்தைச் சரித்தால் ஆபத்து இரட்டிப்பு. 60 பாகை சரித்து உயரம் குறையாமல் திருப்பினால், விமானம் காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். கொஞ்சம் மூக்குத் தாழ்ந்தாலும் மீட்பதற்கு உயரம் கிடையாது.

1954இல் இல்லினொய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 விமானிகளுக்கு வெளிக்காட்சியை மறைத்துவிட்டார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பிறகு 1959 பெப்ரவரி 3, அயோவாவில் கிளியர் லேக் அருகே, அமெரிக்கப் பாடகர் படி ஹொலி (Buddy Holly) போன சின்ன விமானம் லேசாகப் பனி தூவிய இரவில் விழுந்தது. ஓட்டியவருக்கு 21 வயது. இயந்திரத்தில் பழுது இல்லை, மோதும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல எஞ்சினோடு விழுவது உங்கள் நண்பருக்கு மட்டும் நடந்ததல்ல. நானும் ஒரு ஜனவரியில், ஒரு ஏரிக்கு மேலே, நேராகப் பறக்கிறேன் என்று நம்பிக்கொண்டு சரிந்து போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கையைத் தட்டிவிட்டார். உங்கள் நண்பருக்குப் பக்கத்தில் அன்று அப்படி யாரும் இல்லை.

சரி, நீங்கள் ரி.எஸ்.பி.யிடம் சொன்னதை என்ன செய்வது? திருத்துங்கள். அந்த விசாரணையாளரின் அட்டை உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு, இந்த வாரமே அழைத்து, அன்று வலி மருந்தின் மயக்கத்திலும் பயத்திலும் சொன்னது சரியில்லை, திருத்த விரும்புகிறேன் என்று சொல்லுங்கள். விபத்துக்குப் பின் வாக்குமூலம் மாறுவது அவர்களுக்குப் புதிதல்ல. சாட்சி அவர்களிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் விரும்பியபடி வெளியிட முடியாது. சொன்னவருக்கு எதிராக வேறு வழக்குகளில் பயன்படுத்தவும் முடியாது. இதற்கு ஒரு விலக்கு, பொய்ச் சாட்சியம், தெரிந்தே விசாரணையைத் திசைதிருப்புவது போன்ற குற்றங்கள். பொய்யைத் திருத்தாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களை விட்டுப் போகக்கூடும்.

ரி.எஸ்.பி. பற்றி நீங்கள் நினைத்திருப்பதில் பாதி சரியில்லை. அது பொலிஸ் அல்ல. யார் குற்றவாளி, யார் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்மானிப்பது தன் வேலை அல்ல என்று அதன் சட்டமே சொல்கிறது. விசாரணையாளரின் கருத்தை வழக்கில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. விபத்துகளை வகை வகையாகப் பிரிப்பார்கள். உங்களுடையதைப் போன்ற சின்ன விமான விபத்து பெரும்பாலும் ஐந்தாம் வகையில் விழும். தகவலைத் திரட்டிப் பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடும். நீங்கள் எதிர்பார்க்கும் தடித்த அறிக்கை ஒருவேளை வராமலேயே போகலாம்.

சட்டம் மீறினாரா?

யாருமில்லாத உறைந்த ஏரிக்கு மேல் எவ்வளவு தாழவும் பறக்கலாம் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விதியில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். ஊர்களுக்கு மேலே, சுற்றிலும் 2,000 அடிக்குள் இருக்கும் மிக உயரமான தடையைவிட 1,000 அடி மேலே பறக்கவேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்து இத்தனை அடி என்று இல்லைதான். ஆனால் எந்த மனிதர், வாகனம், படகு, கட்டடத்துக்கும் 500 அடிக்குள் போகக்கூடாது. பயிற்றுனரின் மேற்பார்வையில் நடக்கும் பயிற்சி, வயலுக்கு மருந்தடிப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேடிக்கை காட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. மீன்பிடிக் குடில் ஒரு கட்டடம், அதன் பக்கத்தில் நிற்கும் ஸ்னோமொபீல் ஒரு வாகனம், பியர் குடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கையாட்டியவர் ஒரு மனிதர். குளிர்காலத்தில் அந்த ஏரி ஒரு ஊர்.

பார்வைத் தூரத்துக்கும் கணக்கு இருக்கிறது. கட்டுப்பாடற்ற, அதாவது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வழிநடத்தாத, வான்பரப்பில் தரையிலிருந்து 1,000 அடிக்குக் கீழே பகலில் பறக்கும் இப்படியான விமானத்துக்கு 2 மைல் தெரியவேண்டும், மேகத்துக்கு வெளியே இருக்கவேண்டும். புறப்படும்போது வெயில் என்பது இதற்குப் பதிலாகாது. ஜோர்ஜியன் குடாவின் மேலாக வரும் வடமேற்குக் காற்று பாரி, சிம்கோ பக்கம் திடீர்த் திடீரென்று பனியைக் கொட்டும். அது அங்கே பறக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

நீங்கள் கொடுத்த 120 டொலர் பெரிய விஷயம் இல்லை. தனியார் விமானி கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. ஆனால் விமானத்தின் சொந்தக்காரர், தன் பயணத்தில் கூட வருபவர்களிடம் எரிபொருள், எண்ணெய், கட்டணச் செலவில் பங்கு வாங்க விதி இடம் கொடுக்கிறது. அந்தப் பயணம் உங்களுக்காகவே போனது என்று யாராவது குடையலாம். அதனால் காசு கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பொய்யே போதும்.

வழக்கு யார்மேல்?

கணவர் உங்களிடம், “அவன்மேல் வழக்குப் போட்டால் நாளைக்கு ஊருக்கு எப்படி முகம் கொடுப்பது” என்று கேட்டாராம். காகிதத்தில் நண்பரின் பெயர்தான் இருக்கும். அவருக்காகச் சட்டத்தரணி வைத்து வாதாடுவதும், தீர்ப்பானால் காசு கட்டுவதும் காப்புறுதிக் கம்பனி. இப்படி ஒரு நாள் வந்தால் உதவும் என்றுதானே மூன்று பங்காளிகளும் வருடா வருடம் கட்டுகிறார்கள்? அந்தக் காப்புறுதி இருக்கையில் உங்கள் கணவர் கடன் அட்டையில் வீட்டுத் தவணை கட்டுகிறார். தோழமைக்காக இதைச் செய்கிறார் என்றால், தோழமையால் இதுவரை இலாபம் பார்த்தது அந்தக் கம்பனி ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கார் விபத்தில் ஓட்டியவர் காப்புறுதிக் கம்பனிக்குப் பொய் சொன்னாலும், ஒன்ராறியோவில் காயப்பட்ட மூன்றாம் ஆளுக்குக் குறைந்தபட்சத் தொகை கிடைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. விமானத்துக்கு அப்படி இல்லை. தீர்ப்பு வாங்கிக்கொண்டு கம்பனியிடம் நேரே போனால், நண்பருக்கு எதிராக அவர்கள் சொல்லக்கூடிய ஆட்சேபம் எல்லாவற்றையும் உங்களுக்கு எதிராகவும் சொல்லலாம். அதாவது, எஞ்சின் நின்றது என்று அவர் கம்பனிக்குச் சொல்லி, அது பொய் என்று தெரியவந்து, அவர்கள் கைகழுவினால், நடுத்தெருவில் நிற்பது உங்கள் கணவர். அதற்குப் பிறகுதான் நண்பரின் வீடும் உண்மையில் ஆபத்துக்கு வரும். விதியை மீறித் தாழப் பறந்தேன், கணிப்புப் பிழைத்துவிட்டது என்று அவர் சொன்னால் கம்பனி ஓடிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. கவனக்குறைவுக்குத்தானே பொறுப்புக் காப்புறுதி? ஒப்பந்தத்தில் விலக்குகள் இருக்கலாம். அவற்றை வாசித்துத்தான் சொல்லவேண்டும். பயணி ஒருவருக்கு எவ்வளவு என்று தனி வரியில் இருக்கும், அதையும் பாருங்கள். சின்ன விமானக் காப்புறுதிகளில் அந்தத் தொகை மெல்லியதாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி இருந்தால், அந்த எல்லைக்குள்ளேயே பேசி முடித்து நண்பரின் சொத்தைத் தொடாமல் விடுவது நீங்கள் எடுக்கக்கூடிய ஒரு முடிவு. அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

சிறை பற்றி. ஆபத்தான முறையில் வாகனம் இயக்குவது என்ற குற்றவியல் பிரிவு விமானத்துக்கும் பொருந்தும். ஆனால் நியாயமான ஒருவர் செய்வதிலிருந்து வெகுதூரம் விலகிய நடத்தை என்று நிறுவவேண்டும். சாதாரணக் கணிப்புப் பிழைக்கு அது எட்டாது. ஏழு மாதமாகப் பொலிஸ் வந்து கதவைத் தட்டவில்லை என்பதும் ஒரு தகவல்தான். விமானி உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா அவருடைய உரிமத்தை இடைநிறுத்தலாம், அபராதம் விதிக்கலாம். அதற்குத் தனித் தீர்ப்பாயத்தில் மீளாய்வு கேட்க 30 நாள் கிடைக்கும். அபராத நடவடிக்கையைச் சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் தொடங்கவேண்டும். நீங்கள் நட்டஈடு கேட்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் கேட்காமல் விட்டாலும் அது அதன்பாட்டில் வரும்.

காசும் நாளும்

15,000 டொலருக்குக் கையெழுத்து வேண்டாம். அந்தப் படிவத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். போட்டால், இந்த விபத்தால் பத்து வருடம் கழித்து முதுகில் இன்னொரு அறுவைச் சிகிச்சை வந்தாலும் ஒரு சதம் கேட்க முடியாது. அந்த ஆள் நல்லவிதமாகத்தான் கதைப்பார், அது அவருடைய தொழில். பதிவு செய்யும் வாக்குமூலமும் இப்போது கொடுக்கவேண்டாம். “எங்கள் சட்டத்தரணி தொடர்புகொள்வார்” என்று ஒரு வரி போதும்.

கார் விபத்தில் வருவதுபோல யார் பிழை என்று பார்க்காமல் வாராந்த வருமானமும் சிகிச்சைச் செலவும் வரும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது மோட்டார் வாகனத்துக்கு. விமானத்துக்கு இல்லை. அந்தக் காசை நம்பி ஏழு மாதம் போய்விட்டது. இப்போது உடனே பார்க்கக்கூடியவை: வங்கியில் வீட்டுக் கடனோடு சேர்த்து விற்ற இயலாமைக் காப்புறுதி ஏதும் இருக்கிறதா, தொழிற்சங்கக் காப்புறுதி அல்லது தனிக் காப்புறுதி இருக்கிறதா, அவற்றில் தனியார் விமானப் பயணத்துக்கு விலக்கு இருக்கிறதா. பிறகு கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைக் கொடுப்பனவு. அதற்குப் பொதுவாகக் கடந்த ஆறு வருடத்தில் நான்கு வருடம் பங்களித்திருக்கவேண்டும், இயலாமையும் கடுமையானதாக, நீடிப்பதாக இருக்கவேண்டும்.

அந்த ‘பங்களித்திருக்கவேண்டும்’ என்ற இடத்தில் உங்கள் முகம் மாறியிருக்கும் என்று தெரியும். கையில் காசாக வாங்கிய வேலைகள் பற்றி நீங்கள் எழுதிய பந்தியை நான் இங்கே போடவில்லை. வருமான இழப்பு என்று கேட்கும்போது முதலில் மேசையில் வைப்பது வரிப் படிவங்களைத்தான். காட்டாத வருமானத்தை இழந்தேன் என்று கேட்பது கடினம், சில நேரம் வேறு பூதங்களையும் கிளப்பும். சட்டத்தரணியிடம் இதையும் முதல் நாளே சொல்லுங்கள். அவர் அதிர்ச்சி அடையமாட்டார், நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோவில் அலுவலகம் வைத்திருப்பவராக இருந்தால் நிச்சயமாக மாட்டார்.

தொகை பற்றியும் கால் தரையில் இருக்கட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் கோடிகள் இங்கே இல்லை. வலிக்கும் வேதனைக்கும் கொடுக்கக்கூடிய உச்ச அளவை உச்ச நீதிமன்றம் 1978இல் 100,000 டொலர் என்று வரையறுத்தது. விலைவாசியோடு ஏறி இன்று அது 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது முழு உடலும் செயலிழந்தவர்களுக்கான அளவு. பெரிய தொகை வருவது வருமான இழப்பிலும் எதிர்காலச் சிகிச்சையிலும். குடும்பச் சட்டத்தின்படி, கணவரின் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்காக நீங்களும் மகனும் தனியாகக் கேட்கலாம். மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் செலவழித்த பணத்தையும் உங்கள் வழக்கின் ஊடாகவே மாகாணம் திருப்பிக் கேட்கும், அதனால் அறுவைச் சிகிச்சைச் செலவு கணக்கில் வந்தால் திகைக்கவேண்டாம்.

நாள் முக்கியம். ஒன்ராறியோவில் பொதுவாக வழக்குத் தொடர இரண்டு வருடம். ஏழு மாதம் போய்விட்டது. ரி.எஸ்.பி. அறிக்கைக்காக அந்தக் கடிகாரம் நிற்காது. உடனே வழக்குப் போடவேண்டும் என்றும் இல்லை. சட்டத்தரணி ஒரு கடிதம் அனுப்பினால் கம்பனி பேச வரும், பல கோப்புகள் நீதிமன்ற வாசலைக் காணாமலே முடிந்திருக்கின்றன. வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள். விமான விபத்து முன்பு செய்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். கார் விபத்து விளம்பரம் பேருந்தில் இருக்கிறது என்பதற்காகப் போகாதீர்கள்.

நண்பரோடு கதைப்பது

நண்பரிடம் இதை யார் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கணவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவருடைய மனைவி சாப்பாடு கொண்டுவரும் நாளில் வேண்டாம், பாவம், அவவுக்கு முன்னால் வைத்து அது நல்லாயிருக்காது. மூன்று விஷயம் சொன்னால் போதும். நாங்கள் நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறோம். எங்கள் சட்டத்தரணி உன் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதப்போகிறார். நீயும் உனக்கென்று ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு, எங்கள் கடிதம் போய்ச் சேருமுன் உண்மையைக் கம்பனிக்குச் சொல்லிவிடு. விபத்தின் விபரங்களையும் யார் என்ன சொல்வது என்பதையும் அதற்குமேல் அவரோடு கதைக்கவேண்டாம், குறுஞ்செய்தியில் எழுதவே வேண்டாம். கோபப்படுவார் என்று பயப்படுகிறீர்கள். படலாம். ஏழு மாதமாக அந்தக் கதையைச் சுமந்துகொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துபோகும் ஆளுக்கு அது ஒரு ஆறுதலாகவும் இருக்கலாம். என் கட்சிக்காரர்களில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தூக்கத்துக்கு: பனி விழும் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது என்று எழுதியதைக் குடும்ப வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். மணிக்கட்டு முறிவைப்போல அதுவும் இந்த விபத்தில் வந்த காயம், கோப்பில் அதுவும் ஏறவேண்டும். டிசம்பர் வருமுன் போங்கள்.

கடைசியாக மகனின் கேள்வி. “மாமாவின் விமானம் திருத்தினால் நானும் போகலாமா?” அந்த விமானம் திரும்ப எழும்பாது என்று நினைக்கிறேன், படத்தைப் பார்த்தேன். மாமா மறுபடி பறக்க முடிவெடுத்தால், ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிக்காட்சியை மறைக்கும் தொப்பி போட்டுக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியை முதலில் எடுக்கட்டும். அந்தப் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தை மகனிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஜூன் மாதம், மேகமில்லாத நாளாகப் பார்த்துக் கேட்கலாம். முன்னிருக்கைக்கு அடம்பிடிப்பான், பின்னால் இருக்கச் சொல்லுங்கள்.